மைசூர் போன வருஷம்

போன வாரம் நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒரு போட்டோ வந்ததே, பார்த்திருப்பீர்கள். ஆறாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருந்தவன், இப்போது இரண்டு பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா, கொடைக்கானல் ஏரிக்கரையில் மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறான். தலையில் குல்லா வேறு. பத்துப் பேர் பூங்கொத்துப் படம் அனுப்பினீர்கள். பதினோராவதாக நம்மில் ஒருத்தி கேட்டாள்: "புள்ளைங்கள எங்க விட்டுட்டுப் போனீங்க?"

அந்தப் பிள்ளைகளில் மூத்தவனுக்கே முப்பது தாண்டிவிட்டது. அவனை யார் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? ஆனாலும் கேட்டவளைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு வாயில் அப்படித்தான் வரும். புருஷனும் பெண்டாட்டியும் கோயிலுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சாவுக்குப் போகலாம். சும்மா ஊர் பார்க்க, அதுவும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனால், நமக்கு உடனே மூக்கு வேர்த்துவிடும். எங்கள் வீட்டைப் பார்த்து ஊர் இந்தக் கேள்வியை வருஷா வருஷம் கேட்டது. அதில் ஒரு வருஷத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் நீங்களும் இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் தெரியாது.

என் நைனா செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். உங்களில் பாதிப் பேர் அதன் படிக்கட்டில் தொங்கியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஆறு நடை, அதே புளியமரங்கள், அதே மேடு, அதே ஆட்கள். அம்மாவோ அந்த பஸ்ஸில்கூட வருஷத்துக்கு இரண்டு தரம் ஏறினால் அதிகம். ஒரு மாடு, இரண்டு ஆடு, நான், தம்பி என்று அவளைக் கட்டிப்போட ஐந்து முளைக்குச்சி வீட்டிலேயே அடித்திருந்தது. "ஊரு ஊரா ஆளுங்கள ஏத்தி எறக்குறீங்க, என்ன மட்டும் எங்கயும் எறக்க மாட்டேங்கறீங்க" என்று ஒரு நாள் சோறு போடும்போது கேட்டாளாம். அந்த வருஷம் தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் நாலு நாள் லீவு சொல்லிவிட்டு அவளை மேட்டூர் அணைக்குக் கூட்டிப்போனார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஒரு தை ஏற்காடு, ஒரு தை கன்னியாகுமரி, ஒரு தை தஞ்சாவூர்.

எங்களை ஏன் கூட்டிப் போவதில்லை என்று நான் கேட்டுத் துளைப்பேன். நைனா ஒரே பதிலை டிக்கெட் கிழிப்பது போலக் கிழித்துக் கொடுப்பார்.

"கண்டக்டரு, அவரு சம்சாரம்னா எந்த பஸ்ஸுலயும் நம்ம ஆளுன்னு ஒக்கார வெச்சிக்குவாங்க. புள்ள குட்டியோட ஏறுனா மூஞ்ச சுளிப்பான். நானே சுளிப்பேன் இல்ல?"

அந்தத் தொழிலில் இப்படி ஒரு மரியாதை இருந்தது உண்மைதான். ஒரு பஸ் கண்டக்டர் இன்னொரு பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க மாட்டார். ஏறியதும் நைனா தன் விசிலைச் சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் வெளியே எடுத்துக் காட்டுவாராம், அதுதான் அடையாளம். ஆனால் அது மட்டுமே காரணமில்லை என்று எனக்கு அப்போதே சந்தேகம். பஸ்ஸில் பிள்ளைகளுக்கு இடமில்லையே என்று வருத்தப்படுகிறவள், புறப்படும் நாளில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டா பாத்திரம் தேய்ப்பாள்?

அம்மாவிடம் ஒரு டூர் சீலை இருந்தது. நீல நைலக்ஸ், வெள்ளை வெள்ளையாகப் பூ. கசங்காது, அலசிப் போட்டால் நொடியில் காய்ந்துவிடும் என்று நைனா வாங்கிக் கொடுத்தது. வருஷத்தில் அந்த நாலு நாள் மட்டும்தான் அது டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வரும். கூடவே பாச்சை உருண்டை வாசனையும் வரும். துணி வைக்க ஒரு சிவப்பு ரெக்சின் பை, அதன் ஜிப் பிய்ந்து போய் இரண்டு ஊக்கு குத்தியிருக்கும். சீலை பிற்பாடு கிழிந்து ஜன்னல் திரையானது எனக்குத் தெரியும். பை எப்போது காணாமல் போனது என்று இன்றைக்கு வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த நாலு நாளும் எங்களைப் பார்த்துக்கொள்ள அனந்தபுரத்திலிருந்து அத்தை வருவாள். நைனாவுக்கு அக்கா. ஒரு முறம் மொச்சைக்காயும் ஒரு மூட்டை அபிப்பிராயமும் கொண்டுவருவாள். மொச்சையை உரித்துக்கொண்டே அபிப்பிராயத்தையும் உரிப்பாள்.

"பெத்த புள்ளைங்கள கழட்டி உட்டுட்டு ஊரு சுத்துற பொம்பளய நான் எங்கயும் பாக்கல. எந்தம்பி அவ வாயில இருந்து வர்றத எல்லாம் சாமி வாக்கா எடுத்துக்கறான்."

தெருவில் வேறு வேறு கணக்குகள் இருந்தன. பால்காரம்மாவுக்கு, அம்மா உடம்பில் வெளியே சொல்ல முடியாத ஏதோ நோவு, வேலூருக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு, எங்கேயோ நிலம் பார்க்கிறார்கள். எனக்குச் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது. வேறு ஏதோ ஊரில் அவர்களுக்கு இன்னொரு வீடு இருக்கிறது, அதில் இன்னொரு பெண்ணும் பையனும் இருக்கிறார்கள், கேள்வி கேட்காமல் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு தரம் அவர்களைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டு வருகிறார்கள். அதனால் அம்மா திரும்பி வந்ததும் பையை மோந்து பார்ப்பேன். செருப்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி நிறம் பார்ப்பேன். அவள் தலைமுடியில் வேறு யாராவது பின்னிவிட்ட பின்னலா என்றுகூடப் பார்த்திருக்கிறேன்.

பையைவிட அம்மாவின் வாயில்தான் நிறையச் சரக்கு இருக்கும். வந்ததிலிருந்து ஒரு வாரத்துக்கு, மாவாட்டும்போதும் சாணி தட்டும்போதும் ஊர்க்கதை ஓடும். அழகாக இருந்தது, பெரியதாக இருந்தது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. தஞ்சாவூரில் பெண்கள் கோலத்தை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கிறார்கள், ஏற்காட்டில் துணி காய எத்தனை நாளாகிறது, இப்படித்தான் சொல்வாள். மேட்டூரைப் பற்றி அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தண்ணி தொறந்து உட்ட எடத்துல நின்னா பேசறது கேக்காது. உங்க நைனா என்னமோ சொன்னாரு, நான் சிரிச்சேன். இன்னா சொன்னாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

நான் விடமாட்டேன். என்ன சொல்லியிருப்பார், நீ ஏன் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர் மறுபடி சொல்லியிருப்பாரா என்று பிடித்துக்கொள்வேன். நம் சரித்திர சார் எனக்கு வைத்த பெயர் உங்களுக்கு மறந்திருக்காது. கேள்விக்குறி. நான் கேட்கக் கேட்கத்தான் அம்மாவுக்குக் கதை ஊறும். அவள் பயணத்தில் எனக்குக் கிடைத்த பங்கு அதுதான், அதில் எனக்குக் குறையே இல்லை.

நாம் ஆறாவது படித்த வருஷம், தை மாதம், மைசூர் போகிறோம் என்றார்கள். அதுவரை அவர்கள் மாநிலம் தாண்டியதில்லை. நான் தரையில் நடக்கவில்லை. வகுப்பில் ஒருவர் விடாமல் சொன்னேன். "எங்கம்மா ராஜா அரமனைக்குள்ளாறவே போவப் போறாங்க." உங்களில் ஒருத்தி நம்பவில்லை, சத்தியம் கேட்டாள், சரஸ்வதி படத்தின் மேல் கை வைத்துச் செய்தேன்.

அவர்கள் புறப்பட்ட அதே நாள்தான் நம் வகுப்பு மகாபலிபுரம் போக இருந்த நாள். காலையில் அம்மா நீலச் சீலையில், நைனா வெள்ளைச் சட்டையில், சிவப்புப் பையோடு போய்த் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினார்கள். மைசூருக்கு அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். நானும் தம்பியும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்க் கையாட்டினோம். அங்கிருந்து ஓடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் நமக்குப் பேசி வைத்திருந்த பஸ்ஸைக் காணோம். பெரிய முகூர்த்த நாள், அதிகாலையிலேயே அதை ஒரு கல்யாணக் கோஷ்டி கொண்டுபோய்விட்டது. புளிச்சோற்று மூட்டைகளோடு நாம் அழ ஆரம்பித்தோம். அழுகையை நிறுத்த ஹெட்மாஸ்டர் ஒரு யோசனை செய்தார். இரண்டு மைல் நடந்தால் கோட்டை. அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நமக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைக்கிறேன். கோட்டையைப் போய் யாராவது பார்ப்பார்களா? செஞ்சிக்காரருக்கு அது உச்சியில் மேகம் உட்கார்ந்தால் மழை என்று சொல்ல உதவும். சித்திரையில் கமலக்கண்ணி அம்மன் திருவிழாவுக்கு ஏற உதவும். வழி கேட்கிற வெளியூர்க்காரனுக்குக் கையை நீட்டிக் காட்டலாம். மற்றபடி அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று நம் பெரியவர்கள் பார்க்காமலேயே செத்துப்போனார்கள். ஊரில் ஒரு ஆள் யார் கண்ணிலும் படாமல் பகலைக் கழிக்க வேண்டும் என்றால் கோட்டையைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டிரண்டு பேராக நடந்துகொண்டிருந்தோம். சரித்திர சார் என் பக்கமாக வந்தார். அவர் திண்டிவனத்துக்காரர், தினமும் நைனா பஸ்ஸில்தான் வருவார். மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து கேட்டார்.

"இன்னா பாப்பா, உங்க நைனாவ பத்து நாளா பஸ்ஸுல காணம்? வேற ஆளு டிக்கெட் குடுக்குறான். முதலாளி மச்சானோட தகராறாம், வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னு டிரைவர் சொல்றாரு. நெசமா?"

"இல்ல சார். லீவு. மைசூர் போயிருக்குறாங்க."

"ஓ" என்றார் சார். அப்புறம் "சரி, சரி" என்றார்.

பத்து நாளும் நைனா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் போனாரே, சாயங்காலம் வந்தாரே. எங்கே போனார்? வேலை இல்லாதவரை வேறு பஸ்காரர்கள் ஏற்றிக்கொள்வார்களா? மைசூர் வரைக்கும் எப்படிப் போவார்கள்? என் வயசுக்கு ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இது அத்தை காதுக்குப் போனால் அவ்வளவுதான். வேலை போயும் ஊர் சுற்றல் போகவில்லை என்று அனந்தபுரம் வரைக்கும் தம்பட்டம் அடிப்பாள். பழி முழுக்க அம்மா தலையில் விழும். அப்புறம் அவளுக்குத் தையும் கிடையாது, நாலு நாளும் கிடையாது.

கோட்டைக்குள் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் நிழலில் நம்மை உட்கார வைத்தார்கள். மூட்டையைப் பிரிக்க இன்னும் நேரம் இருந்தது. நான் நழுவிக் கல்யாண மகால் பக்கம் போனேன். ராணிகள் இருந்த இடம் என்று சொல்கிற, அடுக்கடுக்காக மேலே போகிற அந்தக் கோபுரக் கட்டடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முற்றத்தில் ஒரு குரங்கு மட்டும் உட்கார்ந்து எதையோ பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது மேலேயிருந்து ஒரு விசில் கேட்டது.

எத்தனையோ கண்டக்டர் விசில் கேட்டிருக்கிறேன். இது முதலில் குட்டையாக ஒன்று, உடனே நீளமாக ஒன்று. அப்படி ஊதுகிறவர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான்.

"ராணி ஸ்டாப்பிங் எல்லாம் எறங்கு! படியில நிக்காத! ஏம்மா நீலச் சீல, உள்ள போ, உள்ள எடம் இருக்குது!"

அதற்கு ஒரு சிரிப்பு. அம்மாவின் குரல்தான், ஆனால் அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டில் அவள் சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். இது மூடாத சிரிப்பு, கல்லில் பட்டு அடுக்கடுக்காகக் கீழே இறங்கி வந்தது. அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது அடுக்கு வளைவில் நீல நைலக்ஸ் தெரிந்தது. அம்மா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதோ, அதான் நம்ம வேப்ப மரம்! இல்லீங்க, அந்தாண்ட, அந்தாண்ட!" அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரவில்லை. மைசூர் பொய்யா என்ற ஏமாற்றம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஒரே ஒரு ஆச்சரியம். இன்னொரு வீடும் இல்லை, வேறு பிள்ளைகளும் இல்லை. இவர்கள் இதற்குத்தான் வருஷா வருஷம் போகிறார்களா? இவ்வளவு நன்றாகவா இருக்கிறார்கள்?

"யாரது விசில் அடிக்கறது?" என்று பின்னாலிருந்து சரித்திர சார் குரல் வந்தது. விசில் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நாற்பது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மகாலைக் காட்டத்தான் வந்துகொண்டிருந்தார். இன்னும் நாலு எட்டு வைத்து அண்ணாந்து பார்த்தால் போதும், கண்டக்டரே என்று கூப்பிட்டிருப்பார். மறுநாள் காலை பஸ் முழுக்கத் தெரிந்திருக்கும். வேலை போன மனுஷன் மைசூர் என்று சொல்லிவிட்டு, சொந்த ஊர்க் கோட்டையில் பெண்டாட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தான் என்று.

நான் ஓடிப்போய் சார் முன்னால் நின்றேன்.

"சார், களஞ்சியத்துல எலி வந்தா ராஜா இன்னா சார் பண்ணாரு?"

"எலியா?"

"அப்புறம் சார், அவ்ளோ நெல்ல உள்ள எப்பிடி கொட்டுனாங்க? மேல ஓட்ட இருக்குதா? வந்து காட்டுங்க சார். குதிரைக்கு லாடம் எங்க அடிச்சாங்க? யானைக் கொளத்துல யானை எந்தப் பக்கம் எறங்கும்?"

பாவம் மனுஷன், அவர் சர்வீசில் யாரும் சரித்திரத்தில் அத்தனை கேள்வி கேட்டதில்லை. முகம் மலர்ந்துவிட்டது. மகாலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று களஞ்சியத்தின் சுவர் எத்தனை தடிமன் என்பதிலிருந்து ஆரம்பித்தார். திரும்புகிறபோது நான் ஒரே ஒரு தரம் மேலே பார்த்தேன். வளைவில் நைனாவின் முகம் இருந்தது. நேராக என்னைத்தான் பார்த்தார். கையைப் பாதி தூக்கினார். வராதே, போ என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குதிரை லாயம் பக்கம் போனேன். பின்னால் விசிலும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் கேட்ட கேள்விகளால் அன்றைக்குச் சோறு பிரிக்க ஒரு மணி நேரம் தாமதம். நீங்கள் எல்லாரும் என்னை முறைத்தீர்கள். வரும் வழியில் என் பின்னலை இழுத்தது யார் என்று எனக்குத் தெரியும், இப்போது பெயர் வேண்டாம்.

"கோட்டையில இன்னா பாத்த?" என்று சாயங்காலம் வீட்டில் அத்தை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அத்த. கல்லு."

எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். காதும் காதும் வைத்த மாதிரி ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்டேன், அவர்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும், நைனாதான் பார்த்தாரே. இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. பதினோரு வயதில் எனக்கு அது மிகவும் பெரிய மனுஷத்தனமாகத் தெரிந்தது.

நாலாம் நாள் வந்தார்கள். கையில் மைசூர்பாகுப் பெட்டி. அத்தை பெட்டியை வாங்கக் கையை நீட்டினாள். மேலே விழுப்புரத்துக் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நான் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கி, துண்டங்களைத் தட்டில் கொட்டி, அட்டையை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அத்தை "இன்னா புள்ள இது, பேய் மாதிரி" என்றாள். நைனா கால் கழுவப் போய்விட்டார்.

அம்மா மைசூரைச் சொன்னாள். இன்றைக்கு நினைத்தாலும் அவள் துணிச்சலை வியக்கிறேன். "அரமன அடுக்கடுக்கா போவுது. ஒவ்வொரு அடுக்குலயும் காத்து வேற வேற மாதிரி அடிக்குது. மேல நின்னா அவங்கவங்க வூட்டு மரத்தக் கூட அடையாளம் சொல்லலாம்." சாமுண்டி மலைக்குப் போனாயா என்று அத்தை மடக்கினாள். "கூட்டம் அண்ணி, கீழ நின்னே கும்புட்டோம்." தம்பி மட்டும் ராஜாவுக்கு மீசை உண்டா என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. என் கேள்வி ஒவ்வொன்றும் அவளை மாட்டிவிடும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அம்மா நடுநடுவே என்னைப் பார்த்தாள். வழக்கமாக ஒரு வாரம் ஓடும் கதை அன்று சாயங்காலத்தோடு முடிந்துவிட்டது.

மாசி கடைசியில் நைனாவுக்கு வேறு ஒரு பஸ்ஸில் வேலை கிடைத்தது, திருவண்ணாமலை தடம். அப்புறம்தான் பழைய வேலை போன விஷயத்தை வீட்டில் சொன்னார். அத்தைக்குக்கூட அதில் பேச ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த தை வந்தது. நீலச் சீலை வெளியே வரவில்லை. அதற்கடுத்த தையும் வரவில்லை. புது முதலாளி லீவு தர மாட்டார் போல என்று நான் நினைத்தேன். தான் சொன்ன புத்தி ஏறிவிட்டது என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு நாங்கள் எல்லாருமாக வேளாங்கண்ணி போனோம், திருப்பதி போனோம், என் கல்யாணத்துக்கு அப்புறம் சென்னைக்கு வந்தார்கள். அவர்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போகவில்லை. நைனா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். போன ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் இந்த வருஷம் மைசூர் போகலாமா என்று பார்க்கிறோம் என்றேன்.

"போயிட்டு வாங்க" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு, "நான்தான் அத பாக்கவே இல்ல" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

நாற்பத்தைந்து வருஷம் கழித்து, ஒரு முறம் அவரைக்காய்க்கு முன்னால் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறியது நிஜம்தான், கோட்டை ஸ்டாப்பிங்கில் இறங்கிவிட்டார்கள். போக வேண்டாம் என்று அவள்தான் சொன்னாளாம். வேலை போனால் போகட்டும், உனக்கென்று இருக்கிற நாலு நாளை நான் எடுத்துக்க மாட்டேன் என்று நைனாதான் கேட்கவில்லையாம். செஞ்சிக்காரன் ஒருவனும் வராத இடம் என்று கோட்டையைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். மீதி மூன்று நாளும் தளவானூரில் பழைய டிரைவரின் நிலத்து மோட்டார் கொட்டகையில் இருந்தார்கள். பக்கத்தில் பாறையைக் குடைந்த கோயில் ஒன்று, வாசலில் கல்லில் இரண்டு காவல்காரர்கள்.

"அந்த மூணு நாளும் உங்க நைனா வாயே தொறக்கல. கோட்டையில உன்ன பாத்து, தெரிஞ்சா தெரியட்டும்னு கூப்புடக் கைய தூக்குனாரு. நீ பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கின."

நான் அவளைப் பார்த்தேன்.

"வாத்தியாரு எதிர்ல எங்க நைனான்னு சொல்லிக்க புள்ளைக்கு வெக்கமா இருக்குதுன்னாரு. வூட்டுக்கு வந்தா பொட்டிய கிழிச்சி அடுப்புல போட்ட. நான் அவ்ளோ கத சொன்னேன், நீ ஒரு கேள்வி கேக்கல. எது சொன்னாலும் கேள்வி கேக்குற புள்ள." நாரைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். "அடுத்த வருஷம் நான்தான் கேட்டேன், போவலாங்களான்னு. புள்ள தல குனியற மாதிரி நமக்கு எதுவும் வாணாம்னுட்டாரு. நானும் விட்டுட்டேன். உன்மேல கோவம்லாம் இல்ல. புள்ளதான நீ."

அவள் மந்தமான காதுக்குக் கேட்கும்படி, கிட்டத்தட்டக் கத்திச் சொன்னேன். சார் விசில் கேட்டு வந்ததை, எலியை, லாடத்தை, விழுப்புரத்துக் கடைப் பெயரை, நான் கேட்காமல் விழுங்கிய கேள்விகளை, வெட்கம் ஒரு துளிகூட இல்லை என்பதை, அவள் அப்படிச் சிரித்தது எனக்கு எவ்வளவு பிடித்தது என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன், மறைக்கவில்லை.

அம்மா கையில் இருந்த காயை நார் எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நெசமா?"

"நெசம்மா."

"இத அவரு இருக்கும்போது ஒரு வார்த்த சொல்லியிருந்தா" என்றாள் அம்மா, "இன்னும் எத்தினி ஊரு பாத்திருப்போம்டி நாங்க."